இன்ஃபினிட்டி சரி, ஒரு மீட்டரில் தப்பு: ஃபெட்-2, ஜூபிட்டர்-8 – கோளாறு எங்கே?

புதுச்சுருள்

கேமரா ஃபெட்-2, சோவியத் காலத்துப் பழைய பிலிம் கேமரா. ஷட்டர் டயலில் 1/25 முதல் 1/500 வரை உள்ள வகை. லென்ஸ் ஜூபிட்டர்-8, 50 மி.மீ, எஃப்/2 (முழுதாகத் திறந்த துவாரம்; எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சுருங்கும்). பகல் வெளிச்சத்தில் எடுத்த தூரக் காட்சிகள் எல்லாம் துல்லியம். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/2 வைத்து முகம் எடுத்தால் கண்ணில் வைத்த ஃபோகஸ் கிருதாவில் போய் விழுகிறது. சாய்வாக வைத்த ஸ்கேலில் பார்த்தபோது சுமார் 5 செ.மீ பின்னால். எஃப்/8-ல் இந்தத் தப்பு தெரியவில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் (இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் வைக்கும் அமைப்பு) தூரத்து கோபுரத்தின் இரண்டு பிம்பங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றன. முன்பக்கத்தில் உள்ள குட்டித் திருகைக் கழற்றி உள்ளே இருப்பதைத் திருப்பினால் போதும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். திருப்பலாமா?

திருப்புளி

கை வைக்காதீங்க. அந்தத் திருகு இன்ஃபினிட்டிக்கு, அதாவது வெகுதூரத்துக்கு. உங்களுக்கு இன்ஃபினிட்டிதான் பொருந்துதே, அதைப் போய் ஏன் கலைக்கணும்? கிட்டத்துக்காக அதைத் திருப்பினா கிட்டம் சரியாகும், தூரம் போயிடும். அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல அல்லாடணும். பழைய ருஷ்ய கேமராக்கள்ல பாதிக்கு மேல இப்படிக் கெட்டதுதான். ஃபேக்டரி கெடுத்தது கொஞ்சம், முந்தைய கை கெடுத்தது மிச்சம்.

முதல்ல டயாப்டர் பாருங்க. ரீவைண்ட் குமிழுக்கு அடியில ஒரு குட்டி நெம்பு இருக்கும். அது உங்க கண்ணுக்கு ஏத்த இடத்துல இல்லன்னா ரெண்டு பிம்பமும் மசமசன்னு தெரியும். எங்க பொருந்துதுன்னே கண்டுபிடிக்க முடியாது.

இருட்டறைவாசி

இதற்குக் காரணம் தெரிந்ததுதானே? ஜூபிட்டர்-8 என்பது ஜெர்மன் லென்ஸான ஸைஸ் ஸோனாரின் வழிவந்தது. அதன் கணக்கு 52.4 மி.மீ குவியத் தூரத்துக்கு. ஜெர்மன் கேமராவான லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் கணக்கு 51.6 மி.மீ. அதனால்தான் கிட்டத்தில் பின்னால் விழுகிறது. இது லென்ஸோடு பிறந்த குணம், ஒன்றும் செய்ய முடியாது.

முக்காலி

அந்த விளக்கம் லைக்கா பாடியில் ஜூபிட்டரை மாட்டுகிறவர்களுக்குச் சொன்னது. இங்கே பாடி ஃபெட். அதையே ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. ஒரு மீட்டரில் 51.6 லென்ஸ் ஏறக்குறைய 2.97 மி.மீ முன்னால் வர வேண்டும். 52.4 லென்ஸ் 3.07 வர வேண்டும். வித்தியாசம் 0.1 மி.மீ. அது வெளியே சுமார் 3 செ.மீ பிசகாகும். இவர் சொல்வது 5 செ.மீ.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டரில் 5 செ.மீ பின்னால் விழுந்தால், லென்ஸின் கண்ணாடித் தொகுதி பிலிமுக்கு ஏறக்குறைய 0.17 மி.மீ கூடுதல் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதே 0.17 பிசகு தூரக் காட்சியிலும் இருக்கும். அங்கே ஏன் தெரியவில்லை? தூரக் காட்சியைப் பகலில் எஃப்/8-லோ எஃப்/11-லோ எடுத்திருப்பார். எஃப்/8-ல் 0.17 பிசகு பிலிமில் 0.02 மி.மீ வட்டமாகத்தான் விழும், கண்ணுக்குத் தெரியாது. எஃப்/2-ல் அதுவே 0.085. அப்போது கோபுரம் பஞ்சு மிட்டாய்.

"இன்ஃபினிட்டி சரி" என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் பொருந்துவது ஒரு விஷயம், லென்ஸ் பிலிமில் துல்லியமாக விழுவது வேறு விஷயம். முதலாவதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இரண்டாவதை யாரும் பார்க்கவில்லை.

புதுச்சுருள்

உண்மை. தூரப் படங்கள் எல்லாமே எஃப்/8, எஃப்/11. எஃப்/2-ல் தூரத்தைப் பார்க்க இன்னொரு பிலிம் போட வேண்டுமா?

முக்காலி

பிலிம் வேண்டாம். ஃபெட்-2-ன் பின்மூடி முழுதாகக் கழன்று வரும், அதனால் சோதனை சுலபம்.

அடியில் உள்ள இரண்டு சாவிகளையும் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். பின்னால் நான்கு தண்டவாளங்கள் தெரியும். உள்ளே இருக்கும் இரண்டின் மேல்தான் பிலிம் உட்காரும். வெளி இரண்டும் கொஞ்சம் உயரம், அவை பிலிமை அழுத்தும் தகடுக்கு. ஒரு சொரசொரப்பான கண்ணாடியை உள் தண்டவாளங்களின் மேல், சொரசொரப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வையுங்கள். பழைய எஸ்எல்ஆர் கேமராவின் ஃபோகஸிங் ஸ்கிரீனை அளவுக்கு வெட்டினால் நன்றாகவே அமையும். வெளித் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அளவு மொத்தமும் பொய். மங்கலான செலோடேப்பை இழுத்து ஒட்டும் வழக்கமும் உண்டு. அது நடுவில் தொய்யும். நாம் தேடுவதே 0.1 மி.மீ என்பதால் டேப்பை நம்ப முடியாது.

ஷட்டரை இழுத்து, டயலை பி-யில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) வைத்து, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸால் திறந்து வையுங்கள். எஃப்/2. முக்காலியில் நிறுத்தி, குறைந்தது அரை கிலோமீட்டராவது தள்ளி இருக்கும் செல்ஃபோன் கோபுரத்தைப் பாருங்கள், 8 மடங்கு அல்லது 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி) வைத்து. லென்ஸ் இன்ஃபினிட்டியில் இடித்து நிற்கும்போது கோபுரம் கூர்மையாக இருக்க வேண்டும். உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். மெதுவாகக் கிட்டத்துப் பக்கம் திருப்புங்கள். 15, 16 மீட்டர் குறி அருகே கூர்மையானால் என் கணக்கு சரி.

திருப்புளி

அப்படியே சூரியன் இருக்கிற பக்கம் திருப்பிடாதீங்க. எஃப்/2-ல திறந்து கிடக்கிற லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி.

கீவ்பித்தன்

இதுக்குத்தான் இன்னொரு சோவியத் கேமராவான கீவ்-4ஏ வாங்குங்கன்னு சொல்றது. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னலுக்கும் இடைவெளி கூடினா துல்லியம் கூடும், இதுல அது 90 மி.மீ. ஃபெட்-2-க்கு 67, ஸோர்க்கி-4-க்கு 38. 85 மி.மீ ஜூபிட்டர்-9-ஐ எஃப்/2-ல வெச்சுப் பாருங்க, வித்தியாசம் புரியும். ஷட்டரும் துணி இல்ல, உலோகப் பட்டைகள். சூரியன் ஓட்டை போடாது.

திருப்புளி

ஓட்டை போடாது, நாடா அறுந்துபோகும். கீவ் ஷட்டர்ல பட்டைகளை இழுக்கிறது துணி நாடா. வயசானா அது நைஞ்சுபோகும். மாத்துறது ஃபெட் திரையை மாத்துறதைவிடப் பொறுமை கேட்கிற வேலை. ஜெர்மன் கேமராவான கான்டாக்ஸை அப்படியே எடுத்துச் செஞ்சது கீவ், அதோட சிக்கலும் சேர்ந்துதான் வந்துச்சு. நல்ல கேமராதான், மறுக்கல. பிடிக்கிறப்போ விரல் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலை மறைக்காம பார்த்துக்கணும். பழகுற வரைக்கும் இரட்டைப் பிம்பமே தெரியலன்னு புலம்புவாங்க.

கீவ்பித்தன்

அதை ஒப்புக்கிறேன். வாங்குறவங்களுக்கு இன்னொரு வசதி: கீவ் உடல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த வருஷம். 65-ல் தொடங்கினால் 1965. ஸோர்க்கி-4-லும் அப்படித்தான். ஃபெட்டில் அந்த வசதி இல்லை, உடல் அமைப்பைப் பார்த்துத்தான் காலம் சொல்லணும்.

இருட்டறைவாசி

ஸோர்க்கி-4 பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. ஷட்டரை இழுப்பதற்கு முன்னால் வேகத்தை மாற்றக் கூடாது என்பது உண்மையா, சும்மா பயமுறுத்தலா?

முக்காலி

உண்மை. அந்த டயல் ஷட்டரோடு சேர்ந்து சுழலும். இழுத்த பிறகுதான் குறி அதற்குரிய இடத்தில் நிற்கும். இழுக்காமல் தூக்கித் திருப்பினால் எந்த வேகத்தில் விழுந்தது என்றே தெரியாது. ஃபெட்-2-ல் பெரும்பாலும் இதோடு போய்விடும், காரணம் அதில் மெதுவேகப் பற்சக்கரங்கள் இல்லை. ஸோர்க்கி-4-ல் ஒரு வினாடி வரை மெதுவேகம் உண்டு. இழுக்காத நிலையில் அந்தப் பக்கம் திருப்பினால் உள்ளே உள்ள ஊசியும் பற்களும் முட்டி வளையும். அதன் பிறகு ஷட்டர் பாதியில் நிற்கும், டயல் இறுகும். இழு, வேகம் வை, எடு. இந்த வரிசையைக் கைக்குப் பழக்கிவிட்டால் எல்லா ருஷ்ய ரேஞ்ச்ஃபைண்டருக்கும் அது செல்லும்.

கடையில் வாங்கும்போது டயல் இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் திருப்பிப் பார்க்காதீர்கள். அப்படியே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

புதுச்சுருள்

சோதனை முடிந்தது. ஸ்கிரீன் வெட்டி வைத்துப் பார்த்தேன். இன்ஃபினிட்டியில் கோபுரம் மங்கல். 15 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் கம்பி கம்பியாகத் தெரிகிறது. அடுத்தது என்ன? ரேஞ்ச்ஃபைண்டர் கையை (லென்ஸின் நகர்வை ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கடத்தும் நெம்பு) இந்த லென்ஸுக்கு ஏற்றபடி மாற்றிவிடலாமா?

முக்காலி

மாற்றினால் இந்த ஒரு லென்ஸுக்கு மட்டும் ஓரளவு ஒத்துவரும், மற்ற எல்லா லென்ஸுக்கும் தப்பாகும். இன்ஃபினிட்டியில் இடித்து நிற்கும்போது தூரம் மங்கலாகவே இருக்கும், அதையும் சகித்துக்கொள்ள வேண்டும். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருத்தணும்.

இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, பாடியில். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கு அடியில் மெல்லிய காகித வளையங்கள் இருக்கும். அவற்றால்தான் வளைய முகத்திலிருந்து பிலிம் வரை 28.8 மி.மீ தூரத்தை ஃபேக்டரியில் ஏற்றி இறக்கினார்கள். யாராவது கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு "ஏதோ பழைய காகிதம்" என்று தூக்கிப் போட்டிருந்தால் எல்லா லென்ஸும் உள்ளே போய்விடும். இரண்டாவது, லென்ஸில். கண்ணாடித் தொகுதிக்கும் ஃபோகஸ் கூட்டுக்கும் நடுவில், இடைவெளியைச் சரிசெய்யும் ஓர் உலோக ஷிம் வளையம் உட்காரும். இரண்டு உடைந்த ஜூபிட்டரை வைத்து ஒன்று தேற்றியவர்கள் இந்த ஷிம்மை மாற்றிப் போடுவதோ விட்டுவிடுவதோ சகஜம்.

எது என்று பிரிக்க இரண்டு வழி. இன்னொரு லென்ஸ், இண்டஸ்டார்-26 ஆனாலும் 61 ஆனாலும் சரி, மாட்டி இதே கண்ணாடிச் சோதனை. அதுவும் 15 மீட்டரில் கூர்மையானால் பாடி; இன்ஃபினிட்டியிலேயே கூர்மையானால் ஜூபிட்டர். இன்னொரு லென்ஸ் இல்லையென்றால், ஷட்டரை பி-யில் திறந்து, உள் தண்டவாளத்தின் மேல் ஒரு தட்டையான கண்ணாடியை வைத்து, வளைய முகத்திலிருந்து அது வரை வெர்னியரின் ஆழக் கம்பியால் அளக்க வேண்டும். கம்பி திரையில் படாமல். மேல், கீழ், இடம், வலம் என்று நாலு இடத்திலும் அளங்கள். நாலும் ஒன்றாக இல்லாவிட்டால் வளையம் சாய்ந்திருக்கிறது. படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். டிஜிட்டல் வெர்னியரில் 0.03 வரை ஏறி இறங்கும், அதற்காகக் கவலை வேண்டாம்.

இன்னொரு துப்பும் இருக்கிறது. பாடியில் காகிதம் போயிருந்தால் லென்ஸோடு அதன் பின் விளிம்பும் உள்ளே போய் ரேஞ்ச்ஃபைண்டர் கையைக் கூடுதலாகத் தள்ளும். இன்ஃபினிட்டியில் பிம்பம் பொருந்தாது, யாராவது திருகித் திருத்தியிருந்தால் ஒழிய. உங்களுடையது பொருந்துகிறது. ஆக, லென்ஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இருட்டறைவாசி

கணக்கில் நான் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஷிம் எங்கே கிடைக்கும்?

திருப்புளி

குளிர்பானக் கேன். அதோட சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. கத்தரிக்கோல்ல வெட்டலாம். ஓரத்துப் பிசிறை நைஸ் எமரி பேப்பர்ல தேய்ச்சு எடுத்துடணும், இல்லன்னா பிசிறே 0.05 கூட்டிடும். சமையலறை அலுமினியத் தாள் அதைவிட ரொம்ப மெல்லிசு. மிச்ச அளவை அதுல அடுக்கலாம். தனித்தாளை அளக்காதீங்க, பத்து மடிப்பு மடிச்சு அளந்து பத்தால வகுங்க. பாடி வளையத்துக்கு அடியிலன்னா சாதாரண 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பர் போதும், அதுவும் 0.1 பக்கம்தான்.

முழு வட்டமா வெட்டணும். மூணு துண்டா வெட்டி ஒட்டினா தொகுதி சாயும்.

திறக்கிறப்போ ஒரு விஷயம். ஃபோகஸ் கூட்டோட மரை பல தொடக்கம் உள்ளது. எந்த இடத்துல விலகுதுன்னு ஸ்கெட்ச் பேனாவுல ஒரு கோடு போட்டு, போட்டோவும் எடுத்துக்குங்க. தப்பான தொடக்கத்துல ஏத்தினா எல்லாம் மாட்டும், இன்ஃபினிட்டி மட்டும் வராது. பழைய கிரீஸ் மெழுகாட்டம் இறுகியிருந்தா லைட்டர் திரவத்துல ஊற வெச்சுத் துடைச்சு, புது ஹெலிகாய்டு கிரீஸ் (ஃபோகஸ் மரைக்கான கிரீஸ்) எறும்பு அளவு. அதிகம் வெச்சா வெயில்ல உருகி அப்பெர்ச்சர் இதழ்ல ஏறும். ஷிம் போட மட்டும்னா ஃபோகஸ் கூட்டைப் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடித் தொகுதியை மட்டும் வெளியே எடுத்தாப் போதும்.

புதுச்சுருள்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி. அடுத்த சுருளில் 1/500-ல் எடுத்த படங்களின் ஒரு பக்கம் இருட்டாக வருகிறது. 1/100-ல் இல்லை. இது தனிக் கோளாறா?

முக்காலி

தனிக் கோளாறு. பெரும்பாலும் காரணம் காய்ந்த கிரீஸ். 1/500-ல் ஷட்டர் முழுதாகத் திறப்பதில்லை. முதல் திரைக்கும் இரண்டாம் திரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு பிலிம் மேல் ஓடுகிறது. முதல் திரை சோம்பினால், இரண்டாம் திரை ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் அதை எட்டிப் பிடித்துவிடும். கோடு மூடிப் போகும். மெதுவேகத்தில் இடைவெளி அகலம் என்பதால் தப்பிக்கும்.

பிலிம் செலவில்லாமல் பார்க்க: பின்மூடியும் லென்ஸும் இல்லாமல், வெளிச்சமான ஜன்னலைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே 1/500-ல் அழுத்துங்கள். சட்டம் முழுக்க ஒரே மாதிரி மின்னணும். ஒரு ஓரம் மின்னாவிட்டால் இதுதான்.

எல்லோரும் உடனே செய்வது, அடிப்பக்கம் உள்ள ஸ்பிரிங் முறுக்கை ஏற்றுவது. அன்றைக்குச் சரியாகும். அழுக்கு அங்கேயேதான் இருக்கும், கூடுதல் இழுவையில் திரையின் நாடா சீக்கிரம் தேயும், எல்லா வேகமும் மாறிப்போகும். முதலில் உருளைகளின் அச்சு முனைகளைச் சுத்தம் செய்து, ஊசி முனையில் வாட்ச் எண்ணெய் தொட்டு வையுங்கள். துணியில் எண்ணெய் படக் கூடாது. ஐம்பது, நூறு முறை ஓட விட்டுப் பாருங்கள். அதன் பிறகும் மூடினால்தான் முதல் திரைக்குக் கால் சுற்று. திருகின் பூட்டைத் தளர்த்தும்போது திருப்புளியை விட்டுவிட்டால் முறுக்கு முழுதும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும்.

திருப்புளி

அதோட திரையில ஊசி ஓட்டை இருக்கான்னும் பாருங்க. இருட்டு ரூம்ல லென்ஸைக் கழற்றிட்டு, போன் டார்ச்சை முன்னால வெச்சுப் பின்னாலிருந்து பாருங்க. இழுக்காம ஒரு தரம், இழுத்து ஒரு தரம். ரெண்டு திரையையும் பார்க்கணும்ல. நட்சத்திரம் மாதிரி ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா, வளையுற தன்மை உள்ள கறுப்புத் துணிப் பெயின்டைத் தண்ணியா கரைச்சு ஒரு தொடல். கெட்டியாப் பூசினா உருளையில சுத்துறப்போ உரியும், திரை ஓட்டமும் கனக்கும். வானம் பூரா நட்சத்திரமா இருந்தா திரையை மாத்தணும், பெயின்ட் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல.

இந்த ஓட்டைகளுக்குப் பெரிய காரணம் சூரியன். எஸ்எல்ஆர்ல நடுவுல கண்ணாடி இருக்கு. இதுல லென்ஸுக்கு நேர் பின்னால துணி. இன்ஃபினிட்டியில வெச்சு, மூடி இல்லாம, நம்ம ஊர் மத்தியான வெயில்ல தோள்ல தொங்கவிட்டாப் போதும். மூடி போடுங்க. போட மறந்தா எஃப்/16-க்குச் சுருக்கி, ஒரு மீட்டருக்குத் திருப்பி வெச்சுடுங்க.

இருட்டறைவாசி

நம்ம ஊரைச் சொன்னதால்: அந்தப் பழுப்புத் தோல் உறையில் கேமராவை வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை அங்கிருந்துதான் ஏறும். கடலோர ஊர்களில் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் போதும். வாங்கும்போது லென்ஸைத் திறந்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் மற்ற லென்ஸோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

லென்ஸ் முகப்பில் சிவப்பு நிறத்தில் வாசல் நிலை போல ஒரு ருஷ்ய எழுத்து இருந்தால் அது பூச்சு உள்ள கண்ணாடி.

கீவ்பித்தன்

வாங்குறதைப் பற்றி இன்னொன்று. "1936 ஒலிம்பிக் லைக்கா", "ஜெர்மன் விமானப்படை லைக்கா", தங்க முலாம், கழுகுச் சின்னம்... இப்படி வர்றதெல்லாம் பெரும்பாலும் ஃபெட்-1 அல்லது ஸோர்க்கி-1 மேல புதுசா பொறிச்சது. லைக்கா-2 வந்தது 1932. கார்கிவ் நகரத்து ஃபெட் 1934-லேயே அதைப் பிரதி எடுத்துத் தயாரிப்புக்கு வந்துடுச்சு. அதனால மேல்தோற்றத்தில் ஏமாறுவது சுலபம். லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்க. ரேஞ்ச்ஃபைண்டர் கையின் முனையில் குட்டி உருளை இருந்தா லைக்கா, ஆப்பு மாதிரி மூக்கு இருந்தா ருஷ்யா. லென்ஸைக் கழற்ற விடமாட்டேன்னு விற்கிறவர் சொன்னா அதுவே பதில்.

போருக்கு முந்தைய ஃபெட்-1 வாங்கினா அதோடு வந்த லென்ஸையே வெச்சுக்குங்க. அந்தக் காலத்தில் 28.8 என்ற ஒரே அளவு கிடையாது, ஒவ்வொரு லென்ஸும் அதன் பாடிக்கு ஏற்றபடி பொருத்தியது.

புதுச்சுருள்

அளந்தாயிற்று. பாடி நாலு இடத்திலும் 28.79 முதல் 28.82 வரை. லென்ஸைத் திறந்தால் ஷிம் இருக்க வேண்டிய தோளில் ஒன்றுமே இல்லை, வெறும் பித்தளை. கேன் தகடு ஒன்றும், அலுமினியத் தாள் வளையங்களுமாகச் சேர்த்து 0.17 வைத்தேன். கோபுரம் இப்போது இன்ஃபினிட்டியில் இடிக்கும் இடத்திலேயே கூர்மை. ஒரு மீட்டரில் ஸ்கேல் சோதனையில் பிசகு 1 செ.மீ.க்குள். ரேஞ்ச்ஃபைண்டர் பிம்பம் மேல்கீழாகக் கொஞ்சம் விலகியிருக்கிறது, அது முன்பே இருந்ததுதான்.

முக்காலி

ஒரு மீட்டரில் எஃப்/2-ல் முன்னும் பின்னும் 2 செ.மீ அளவுக்குக் கூர்மை இருக்கும், 1 செ.மீ அதற்குள் அடங்கிவிடும். ரேஞ்ச்ஃபைண்டர் மூக்கைத் தொட வேண்டாம்.

மேல்கீழ் விலகலுக்கு, முன்னால் உள்ள சின்ன வட்ட ஜன்னலின் வளையத்தைக் கழற்றுங்கள். உள்ளே உள்ள கண்ணாடி ஒரு பக்கம் தடித்தது. அதைத் துளித் துளியாகச் சுழற்றினால் பிம்பம் ஏறி இறங்கும். கூடவே பக்கவாட்டிலும் நகரும், அது அதன் இயல்பு. மேல்கீழ் ஒன்றானதும், கடைசியாக நீங்கள் முதல் பதிவில் கேட்ட அந்தக் குட்டித் திருகைத் திறந்து இன்ஃபினிட்டியைப் பொருத்துங்கள். இப்போது திருப்பலாம்.

திருப்புளி

உள்ள இருக்கிற மஞ்சள் கண்ணாடியை மட்டும் பட்ஸ் வெச்சுத் துடைச்சுடாதீங்க. பூச்சு பஞ்சோட வந்துடும். ஊதுற பல்ப் போதும்.